மின்சார மணியும் மாடு கட்டும் முடிச்சும்

பேப்பரில் மெஷின் பற்றிச் செய்தி வந்தால் விடாமல் படிப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் ஒரு செய்தி எனக்கு அரை மணி நேரத்துக்கு வரும்.

ரயில் டிக்கெட்டைக் கம்ப்யூட்டர் கொடுக்கப் போகிறதாம். கொடுக்கட்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிறவர் சாப்பிடப் போய்விட்டால் அது என்ன செய்யும் என்று போடவில்லை. சாவி கொடுக்காமலே ஓடும் கைக்கடிகாரம் வந்திருக்கிறதாம். நேரம் தப்பவே தப்பாதாம். யார் கையில் கட்டினாலுமா என்று போடவில்லை. பரீட்சைப் பேப்பரை மெஷினே திருத்தும் காலம் வரும் என்று போன வாரம் போட்டிருந்தார்கள். அதற்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

வானத்தில் சுற்றின ஸ்கைலாப் தலையில் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பயந்த வருடம், எங்கள் சித்தூர்ப் பக்கம் சிலர் ஆட்டையும் கோழியையும் அறுத்துத் தின்று தீர்த்தார்கள். சாகப்போகிறோம், மிச்சம் எதற்கு என்று. அது எங்கேயோ போய் விழுந்தது. ஆடு போனது போனதுதான். அதற்கு அடுத்த வருடம் எங்கள் கல்லூரிக்கு மின்சார மணி வந்தது.

நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் அட்டெண்டர். வீடு சித்தூரில். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் திரும்புவேன். மணி அடிப்பது, தண்ணீர் கொடுப்பது, பரீட்சை வந்தால் நூல் வெட்டுவது என் வேலை. மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. பதினாறு வருடம், ஆபீஸில் சொன்னதும் இரும்புக் கம்பியால் அதை அடித்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். எனக்குத் தெரியாது. அடிக்கும்போது நான் எப்போதும் அதன் பக்கத்தில்தான் இருந்தேன்.

நூல் எதற்கு என்றால், பரீட்சையில் பிள்ளைகள் அடிஷனல் ஷீட் வாங்கி எழுதுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கி, மூலை ஓட்டையில் நூல் கோத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வார்னிங் மணி. அது கேட்டதும் பாதிப் பேர் பேனாவை வைத்துவிட்டு நூலைத் தேடுவார்கள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டுக்கட்டாக வைப்பேன். என் சட்டைப் பையில் எப்போதும் நான்கைந்து நூல் இருக்கும்.

மெஷினை ஆபீஸ் வராந்தா சுவரில் மாட்டினார்கள். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி. உள்ளே கரண்டில் ஓடும் கடிகாரம். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். எந்த நேரத்துக்கு மணி வேண்டுமோ அந்த ஓட்டையில் ஒரு ஆணியைச் சொருகினால் போதும். முள் அங்கே வந்ததும் எல்லா ஹாலிலும் மணி அடிக்கும். பொறுப்பு ஒரு இளம் கிளார்க்கிடம். தெலுங்குக்காரர். என்னிடம் தமிழ் பேசுவார்.

“அன்னா, இனிமே உனுக்கு ரெஸ்ட்டு. தண்டவாளத்த ரயில்வேகாரங்க கிட்டயே திருப்பிக் குடுத்துரு.”

“கரண்டு போனா?”

“போனா முள்ளு நிக்கும். வந்தா ஓடும். எவ்ளோ நிமிஷம் போச்சோ அவ்ளோ தள்ளி வெச்சா முடிஞ்சிபோச்சி. அதுவும் நான்தான் செய்வேன். நீ தொடக் கூடாது.”

அவர் கையில் வாட்ச் இல்லாததைப் பார்த்து எங்கே என்று கேட்டேன்.

“மெஷின் வந்தப்புறம் வாட்ச் எதுக்கு? மச்சானுக்குக் குடுத்துட்டேன்.”

அதற்கு முந்தின வருடம் பரீட்சையில் இரண்டு லெக்சரர்களின் வாட்ச் ஒத்துப்போகவில்லை. ஒரு ஹாலில் பேப்பரைப் பிடுங்கிவிட்டார்கள், பக்கத்து ஹாலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சண்டை வந்தது. அதனால் பரீட்சைக்குத் தலைமை நின்ற பெரிய லெக்சரர், அவரைச் சீஃப் என்போம், இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டார். வாட்ச் பார்த்து யாரும் பேசக்கூடாது. மெஷின் அடித்தால் அதுதான் நேரம்.

அந்த வருடம் என் மனைவி பி.ஏ. எழுதினாள். பிரைவேட்டாக. எங்கள் கல்லூரிதான் சென்டர்.

அவள் சித்தூரில் ஒரு மிஷன் ஸ்கூலில் டீச்சர். டெம்ப்ரவரி. ஏழு வருடமாக டெம்ப்ரவரி. மற்ற பாடம் எல்லாம் பாஸ். இங்கிலீஷ் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. ஜூன் மாதத்துக்குள் டிகிரி காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். அதாவது இந்தத் தடவை விட்டால் வேலை போனது.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று இல்லை. முதலில் தமிழில் நினைப்பாள். பிறகு அதை இங்கிலீஷில் மாற்றுவாள். பிறகு எழுதுவாள். மூன்று மணி நேரம் போதாது. இரண்டாம் தடவை கடைசி நிமிடத்தில் நூல் வேறு நழுவி, ஷீட் எல்லாம் கீழே சிதறி, அதைப் பொறுக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

சொந்தக்காரர் பரீட்சை எழுதினால் அதை முன்கூட்டியே ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அவள் இருந்த மூன்றாவது ஹால் பக்கம் நான் போகக்கூடாது என்று சீஃப் சொன்னார். அந்த ஹாலுக்கு மட்டும் வாட்ச்மேன் தண்ணீர் கொடுப்பதாக ஏற்பாடு.

முந்தின நாள் சாயங்காலம் அவள் சித்தூரிலிருந்து வந்து, எங்கள் சர்ச் சபையில் தெரிந்த ஒரு குடும்பத்தில் தங்கினாள். நான் போய்ப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, பழைய நோட்டு ஒன்றின் மூலையில் கட்டிக் காட்டினேன். சின்ன வயதில் கார்வேட்டிநகரம் பக்கம் மாடு மேய்த்தவன் நான். மாடு கட்டும் முடிச்சு. மாடு இழுக்க இழுக்க இறுகும். குட்டை முனையை நாம் இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும்.

“பி.ஏ. பரீட்சைக்கு மாடு கட்டுற முடிச்சா?” என்றாள்.

“நழுவாது.”

“நான் அவுக்கணும்னா?”

“இந்த முனை.”

நான்கு தடவை கட்டி அவிழ்த்துப் பார்த்தாள். “பாஸ் பண்ணா பசங்களுக்கு இதையும் சொல்லித் தரேன்” என்றாள். மறுபடி கட்டிக்கொண்டே, “பண்ணலன்னா?” என்றாள்.

“சாப்புடு” என்றேன்.

மறுநாள் பரீட்சை ஒன்பது மணிக்கு. மெஷின் அடித்தது. பத்துக்கும் அடித்தது. அடித்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் எல்லாம் நின்றன. ஹாலுக்குள் பெருமூச்சு விடுவது வெளியே கேட்டது. கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். ஒன்றாவது ஹால் வாசலில் நின்ற லெக்சரரிடம் மணி கேட்டுக்கொண்டேன். கரண்ட் வந்ததும் மறுபடி கேட்டேன். பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது.

வராந்தாவுக்கு வந்தேன். யாரும் இல்லை. முள் நின்ற இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் எல்லா ஹாலுக்கும் பன்னிரண்டு நிமிடம் கூடும். மூன்றாவது ஹாலுக்கும் கூடும். தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதுகிறவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் முக்கால் பக்கம்.

கொஞ்ச நேரம் நின்றேன். கிளார்க் வரவில்லை. பார்த்தும் சும்மா இருந்தான், பெண்டாட்டிக்காக இருந்தான் என்று ஆகிவிடும். யாரும் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். கதவைத் திறந்து முள்ளைப் பன்னிரண்டு நிமிடம் தள்ளினேன். கொக்கி லூசாக இருந்தது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் என்று பையிலிருந்த நூலை எடுத்துக் கட்டினேன். கை தன்பாட்டுக்கு அந்த முடிச்சைத்தான் போட்டது. தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மூன்று சுற்றுத் தண்ணீர் கொடுப்பேன். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் மூன்றாவது சுற்றைத் தொடங்குவதற்குள்ளேயே மெஷின் பதினொன்று அடித்துவிட்டது. கால் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றாவது ஹால் லெக்சரர் தன் வாட்சைப் பார்த்தார். மெஷின் பக்கம் பார்த்தார். “மன வாட்ச்சே ஸ்லோ”, நம்ம வாட்ச்தான் ஸ்லோ என்று தெலுங்கில் சொல்லிவிட்டு முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார். அடுத்த ஹாலிலும் ஒருவர் திருப்பினார். கேட்டில் வாட்ச்மேனும் திருப்பினார். நான் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

வார்னிங் மணி அடித்தது. ஹாலுக்குள் பேப்பர் அடுக்கும் சத்தம். குடத்தை இறக்கி வைத்தேன். மூன்றாவது ஹால் பக்கம் பார்க்கவில்லை. கிளார்க் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டார்.

“பாத்தியா அன்னா? கரண்டு போச்சி. பெல்லு ஒரு நிமிஷம் தப்பல.”

“ஆமா.”

“பன்னெண்டு நிமிஷம் போச்சுன்னு சீஃப் சொன்னாரு. டீ குடிச்சிட்டு வந்தவுடனே நான்தான் தள்ளி வெச்சேன்.”

“நீ தள்ளி வெச்சியா?”

“பின்ன யாரு?”

“முள்ளு எங்க இருந்திச்சின்னு பாத்தியா?”

“அத எதுக்குப் பாக்கணும்? பன்னெண்டு போச்சு, பன்னெண்டு தள்ளினேன்.”

நான் ஒரு பன்னிரண்டு. அவர் ஒரு பன்னிரண்டு. மெஷினில் இன்னும் ஏழெட்டு நிமிடத்தில் மணி அடிக்கும். பேப்பரைப் பிடுங்குவார்கள். அது பன்னிரண்டு மணி அல்ல. திருத்திச் சொல்ல யாரிடமும் சரியான வாட்ச் இல்லை. எல்லாரும் மெஷினுக்குத் திருப்பிவிட்டார்கள்.

யாரிடம் சொன்னாலும் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆபீஸுக்குள் போனேன். கிளார்க் பின்னாலேயே வந்தார்.

சீஃப் நிமிர்ந்து பார்த்தார். “ஏமய்யா?”

“சார், மணி தப்பு. பன்னெண்டு நிமிஷம் முன்னால ஓடுது. கரண்டு வந்ததும் நான் முள்ளத் தள்ளினேன். தெரியாம இவுரும் தள்ளிட்டாரு.”

“நீ எந்துக்கு முட்டுகுன்னாவு?” நீ எதற்குத் தொட்டாய் என்று தெலுங்கில் கேட்டார்.

“தப்புதான் சார்.”

“உன் சம்சாரம் எந்த ஹாலு?”

“மூணு சார்.”

“ம்” என்றார். அந்த ஒரு எழுத்தில் எல்லாம் இருந்தது.

கிளார்க் முந்திக்கொண்டார். “சார், இவுரு தொட்டத ஒருத்தரும் பாக்கல. காலைலேர்ந்து கம்முனு இருந்துட்டு, வார்னிங் பெல்லு அடிச்சப்புறம் வந்து பன்னெண்டு நிமிஷம் கேக்குறாரு. இன்னாத்துக்குன்னு தெரியாதா?”

சீஃப் என்னையே பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவில் மெஷின் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம். எனக்குப் பேச்சு சரளமாக வராது. பையில் கை போனது. நூல் தட்டுப்பட்டது.

கிளார்க்கைப் பார்த்துக் கேட்டேன். “நீ போனப்ப பெட்டிக் கதவு எப்பிடி இருந்திச்சி?”

“எப்பிடி இருந்திச்சின்னா? நூல் போட்டுக் கட்டி இருந்திச்சி. எந்த முட்டாப்பய கட்டினானோ, இழுக்க இழுக்க இறுகுது. பிளேடால அறுத்துக் கூடையில போட்டேன்...”

சொன்ன பிறகுதான் கூடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சீஃப் எழுந்து போய்க் கூடையைக் கவிழ்த்தார். நூல் கிடந்தது. அறுபட்ட இடம் வேறு, முடிச்சு அப்படியே இருந்தது. அதை மேஜை மேல் வைத்தார். “நீ கட்டு” என்றார்.

பையிலிருந்து வேறொரு நூலை எடுத்து மேஜை டிராயர் கைப்பிடியில் கட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தார். கட்டினதை இழுத்தார். இறுகியது. நான் குட்டை முனையைப் பிடித்து இழுத்தேன். அவிழ்ந்து கையோடு வந்தது.

“ஏம் முடி இதி?” இது என்ன முடிச்சு என்று கேட்டார்.

“மாடு கட்டுறது சார்.”

அவர் தன் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். மெல்லச் சொன்னார். “பதினோரு மணி பெல்லுக்கு இது சரியா பன்னெண்டு நிமிஷம் ஸ்லோவா இருந்தது. திருப்பி வெச்சேன்.”

மெஷினில் இன்னும் இரண்டு நிமிடம்.

“தீசேய்ரா!” எடுத்துவிடு என்று கத்தினார். கிளார்க் ஓடிப்போய்ப் பன்னிரண்டாவது மணி ஆணியைப் பிடுங்கினார். ஆணி கீழே விழுந்து உருண்டது.

சீஃப் வாட்சைப் பன்னிரண்டு நிமிடம் பின்னால் திருப்பினார். கழற்றி என்னிடம் கொடுத்தார். “தண்டவாளம் இருக்குதா?”

“மரத்துலேயே இருக்குது சார்.”

“சரியா பன்னெண்டுக்கு அடி. ஒரு நொடி முன்ன பின்ன ஆகக்கூடாது.”

அவரே ஹால் ஹாலாகப் போனார். மெஷின் மணி தப்பு, தண்டவாளம் கேட்கும் வரை எழுதலாம் என்று அவர் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. பிறகு ஒரே கூச்சல். பிறகு அமைதி.

வேப்பமரத்தடியில் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் வாட்ச். அதற்கு முன் வாட்ச் பிடித்ததில்லை. கம்பியைவிட அது கனமாக இருந்தது. அங்கிருந்து மூன்றாவது ஹால் ஜன்னல் தெரியும். முதுகைத் திருப்பிக்கொண்டேன். முள் நகர்கிறதா என்றே தெரியவில்லை. அரை நிமிடம் தாமதித்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்தேன். இரண்டு முள்ளும் ஒன்றானதும் அடித்தேன்.

அவள் கடைசியாக வந்தாள். விரல் எல்லாம் மை. முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. கேட் வரை கூட நடந்தேன்.

“கட்டுரை பாதியில இருந்திச்சி” என்றாள். “வார்னிங் அடிச்சதும் போச்சின்னு விட்டுட்டேன். கட்டிட்டு அழுதுக்கினு உக்காந்திருந்தேன்.”

“அப்புறம்?”

“பெரிய சார் வந்து எழுதுங்கன்னாரு. ஷீட்டு உள்ள வெக்கணும்னா அவுக்கணும். எல்லாரும் பல்லால கடிக்கிறாங்க, நகத்தால நோண்டுறாங்க. ஒரு பொண்ணு ஷீட்டே கிழிஞ்சிபோச்சி. நான் அந்த முனையப் புடிச்சி இழுத்தேன்.”

“அவுந்திச்சா?”

“அவுந்திச்சி. முழுசா எழுதினேன்.”

டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் மெஷினைத் தொட்டதற்கு. படித்துக் காட்டினார்கள். அதில் எழுதியிருந்தது உண்மை. கையெழுத்துப் போட்டேன். கிளார்க் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவராகவே வந்து, “அந்த முடிச்ச எனுக்கும் சொல்லிக் குடு அன்னா” என்றார். அவர் கையில் வாட்ச் இருந்தது. மச்சானிடம் திரும்ப வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

ரிசல்ட் பேப்பரில் நம்பராக வந்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கி அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். எழுத்துத்தான் எனக்குக் கூட்டிப் படிக்க வேண்டும், நம்பர் பார்வையிலேயே வரும். ஆனால் அன்று விரலை வைத்து ஒவ்வொன்றாகத்தான் போனேன். முதல் வகுப்பில் இருக்காது என்று தெரியும், இருந்தும் பார்த்தேன். இரண்டில் இல்லை. மூன்றாவதில் கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. மூன்று தடவை சரிபார்த்தேன். பக்கத்திலிருந்த ஆளிடம் காட்டி, இது இந்த நம்பர்தானே என்றேன். அவர் ஆமாம் என்றதும் எழுந்தேன். மார்க் லிஸ்ட் பின்னால் வந்தது. இங்கிலீஷில் பாஸ் மார்க்குக்கு மேல் ஒன்று.

வேலை நின்றது. அதாவது, போகாமல் நின்றது.

நடந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. மார்க் லிஸ்ட் வாங்க அவள் கல்லூரிக்கு வந்தபோது வாட்ச்மேன் சொல்லிவிட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

“கரண்டு போனப்ப நீங்களும் அந்தக் கிளார்க்கும் முள்ளத் தொடாம இருந்திருந்தா எனக்குப் பன்னெண்டு நிமிஷம் கூடக் கெடச்சிருக்கும். இல்ல?”

“அது எப்பிடி? தப்பு இல்ல? நம்ம வீட்டுக்குன்னு...”

“நம்ம வீட்டுக்கு இன்னா? எல்லா ஹாலுக்கும்தானே கெடச்சிருக்கும்? எல்லாப் புள்ளையும் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கும். யாருக்கு நஷ்டம்?”

யோசித்தேன். அவள் சொன்னதில் தப்பு தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் தெரியவில்லை. நேரம் தப்பாத வாட்ச் பற்றிப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் வருகிறது.

“மெஷினப் பாத்தா தொடாம இருக்கணும்” என்றாள். “தொட்டா பேசாம இருக்கணும். உங்களுக்கு ரெண்டும் வரல.”

இப்போது வீட்டில் டி.வி. இருக்கிறது. அவள் சம்பளத்தில் வாங்கினது. நான் அதைத் தொடுவதில்லை. கரண்ட் போய் வந்தால் அவள்தான் போடுவாள்.